கடற்காற்றும் புகைக்குழாயும்

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வாழ்வோர் உப்புக்குச் செலுத்தும் வரி எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை. யன்னற் பிணைச்சல் இறுகிவிடும். படலையின் தாழ்ப்பாள் செதில் செதிலாக உதிரும். சென்ற வருடம் வாங்கிய துவிச்சக்கரவண்டியின் சங்கிலி இவ்வருடம் பொன்னிறமாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், காலையில் மோட்டார் வண்டியின் முகக்கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தாலே போதும். வரி வசூலிக்க வந்தவர் இரவு முழுவதும் அங்கே நின்றார் என்பது விளங்கும்.

இந்த வரியை அதிகமாகச் செலுத்துவது வண்டியின் அடிப்பாகம். அதிலும், எஞ்சினிலிருந்து பின்புறம் வரை செல்லும் புகைக்குழாய் இரண்டு பகைவர்களுக்கு நடுவே அகப்பட்டது. வெளியே உப்புக்காற்று, உள்ளே தீ. இவற்றைத் தாங்குவதற்கு எந்த உலோகத்தைத் தெரிந்தெடுப்பது, அதன்மேல் எதைப் பூசுவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாத காலம் உணவு மேசையில் இடம்பிடித்திருந்தது. வண்டி வைத்திருப்போர்க்கும், உலோகவியலைப் புத்தகத்தில் மட்டும் கண்ட மாணவர்க்கும் அது பயன்படக்கூடும் என்றெண்ணி எழுதுகிறேன்.

என்னுடையது ஒரு மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்பாரின் திட்டத்தில் 1948இல் பிறந்த அவ்வினம், இங்கிலாந்தில் உற்பத்தி நின்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இலங்கையின் வீதிகளில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. 1990களில் அதன் உடற்தகடுகளை இந்நாட்டிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு என்றால், நம்மவர்க்கு அதனோடுள்ள உறவு எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரையில் தனியார் கார்கள் வராதிருந்த காலத்தில், பழைய வண்டிகளுக்கு மீண்டும் ஒரு மரியாதை ஏற்பட்டது. நான் அதில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு வியாபார நிலையத்துக்குக் கணக்கெழுதச் செல்கிறேன். தூரம் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். நேரமோ கோட்டையில் நெரிசலைப் பொறுத்தது.

சென்ற வைகாசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்குப் போய்த் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவிக்கு நெற்றி இடித்தது. பின்னாசனத்தில் இருந்த பேத்தியும் தலையைப் பிடித்துக்கொண்டாள். இருவர்க்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் அது வெயிலாலோ பசியாலோ வந்ததாக இருக்க நியாயமில்லை. மறுநாட் காலையிலேயே கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான முதிய பாஸ் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

அவர் பொனற்றைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதை இயக்கச் செய்து, பின்புறத்துக் குழாய்வாயை ஒரு கந்தைத் துணியால் சற்றே அழுத்திப் பிடிக்கும்படி பையனிடம் சொன்னார். உடனே எஞ்சின் பக்கமிருந்து “ஸ்ஸ்” என்றொரு சத்தம். “ஐயா, மெனிபோல்ட் வெடித்துவிட்டது” என்றார். வார்ப்பிரும்பினாலான அந்தப் புகைத்திரட்டியின் நடுக்கிளையில் மயிரிழை போன்றதொரு கோடு. கோட்டின் இரு மருங்கிலும் கரி. அங்கே கசிந்த புகைதான் தடுப்புச்சுவரிலுள்ள துவாரங்களினூடே உள்ளே புகுந்திருக்கிறது.

புகையில் நமக்குத் தெரியும் பகுதி கரி. கொல்லும் பகுதி தெரியாதது. காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின்பு சோர்வு, பின்பு மயக்கம். மழை நாளில் கண்ணாடி ஏற்றிய பழைய வண்டியில் எல்லோரும் உறங்கத் தொடங்கினால், அதைப் பயணக் களைப்பென்று விட்டுவிடலாகாது.

ஆகவே மாற்றவேண்டும் என்பதில் ஐயமில்லை. எதனால் மாற்றுவது என்பதிலேதான் என் தமக்கையின் மகன் குறுக்கிட்டான். பொறியியல் கற்கும் பிள்ளை. கட்டுக்குருந்தையில் மோட்டார் ஓட்டப்போட்டி நடந்தால் வீட்டில் இரான்.

“மாமா, இதே பழைய இரும்பை ஏன் திரும்பப் போடுகிறீர்கள்? தனித்தனிக் குழாய்களாக ஒன்று செய்விப்போம். எஞ்சின் இலகுவாக மூச்சுவிடும்” என்றான்.

“செய்விக்கலாம் தம்பி. எந்த உலோகத்தில்?”

“தைத்தேனியம் என்றால்...”

“வண்டியை விற்றால் குழாய் வாங்கலாம். பிறகு குழாயை எதிலே பூட்டுவது?”

சிரித்தானே தவிர, விட்டுவிடவில்லை. நியாயமும் அவன் பக்கம் இருந்தது. மொறிஸ் மைனரின் எஞ்சினில் நான்கு உருளைகள் இருக்கின்றன. புகை வெளியேறும் வாயில்களோ மூன்றுதான். நடுவிலுள்ள இரண்டாம் மூன்றாம் உருளைகள் ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொள்ளுகின்றன, ஒரே முற்றத்தில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களைப் போல. அதனால் நடுக்கிளைக்கு வேலையும் இருமடங்கு, வெப்பமும் அதிகம். எங்கள் இரும்பு அவ்விடத்தில் வெடித்தது வியப்பன்று. வார்ப்பிரும்புத் திரட்டியில் இம்மூன்று கிளைகளும் மிகக் கிட்ட வந்து கூடுவதால், ஓர் உருளை தள்ளும் புகை மற்றதன் வழியை மறிக்கிறது. நடுவாயிலுக்கு நீண்டதொரு தனிக்குழாய் வைத்து, இரு புறத்து வாயில்களையும் முதலில் தம்முள் இணைத்துச் சற்றுத் தூரம் தள்ளி அதனோடு சேர்த்துவிட்டால், ஒன்று போகும் வேகம் அடுத்ததை இழுத்துக்கொண்டு செல்லும். ஓட்டப்போட்டிக்காரர் இக்கருவியை விரும்புவதன் காரணம் இதுவே. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓடிய வண்டிகளைப் பற்றிக் கேட்டால், அவன் இராச் சாப்பாட்டையும் மறந்துவிடுவான்.

என் மனைவிக்கு இதில் எதுவும் கவர்ச்சியாய் இல்லை. “இஞ்சருங்கோ, வண்டி வேகமாய் ஓடவேண்டுமென்று நான் கேட்கவில்லை. உள்ளே புகை வரக்கூடாது, அவ்வளவுதான்” என்றார். இந்த ஒரு வசனத்தை எங்கள் ஆராய்ச்சிக்கு உரைகல்லாக வைத்துக்கொண்டோம்.

முதலில் மலிவானதை எடுத்துக்கொண்டோம். மென்னுருக்குக் குழாய் எங்கும் கிடைக்கும். எவரும் வளைப்பர், எவரும் வெல்டிங் செய்வர். ஆனால் ஏறத்தாழ 550 பாகை செல்சியசுக்கு மேலே அது செதிலாக உரியத் தொடங்கும். பெற்றோல் எஞ்சினை விட்டு வெளிவரும் புகையின் வெப்பமோ, வேகத்தையும் பாரத்தையும் பொறுத்து, 400 முதல் 900 பாகை வரை செல்லக்கூடியது. போதாக்குறைக்கு வெளியே நம் உப்புக்காற்று. பூச்சில்லாத மென்னுருக்கு வெள்ளவத்தையில் அதிக காலம் நில்லாது.

வேறொரு பட்டறையில் ஒருவர் மிகுந்த அன்போடு ஓர் ஆலோசனை சொன்னார்: தண்ணீர்க்குழாய் போல நாகமுலாம் பூசிய குழாயில் செய்தால் துருவே பிடிக்காதாம். தண்ணீர்க்குழாய்க்கு அது உண்மை; தீக்குழாய்க்கு அது ஆபத்து. நாகம் 420 பாகையளவிலேயே உருகிவிடும். அதை வெல்டிங் செய்பவர் அந்த வெண்புகையைச் சுவாசித்தால், மாலையில் குளிரும் காய்ச்சலும் வந்து போர்த்துக்கொண்டு படுக்க நேரும். நாகமுலாத்தை விரும்பும் நண்பர்கள் அதைக் கூரைத்தகட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அலுமினியம் தோய்த்த உருக்கு இதிலும் மேலானது. அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் ஒட்சைட்டுப் படலம் உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். 650 பாகை வரையில் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் அப்பூச்சு எரிந்துபோகும். எஞ்சின் வாயிலண்டையில் வெப்பம் அந்த எல்லையைக் கடந்துவிடவுங் கூடும். பின்புறத்துக்கு உகந்தது என்று குறித்துவைத்தோம்.

இனி, எல்லோரும் முதலிலே சொல்லும் கறையில் உருக்கு. சமையலறையில் எவர்சில்வர் என்று அழைக்கப்படுவதும் இதன் உறவினமே. இதன் வரலாறு புகைக்குழாயிலிருந்து அதிக தூரமில்லாத ஓரிடத்தில் தொடங்குகிறது என்பது பலர்க்குத் தெரியாது. இங்கிலாந்தின் செபீல்டு நகரில், உருக்குத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஹரி பிறேர்ளி என்பார், துப்பாக்கிக் குழல்களின் உட்புறத்தைச் சுடுவாயு அரித்துவிடுவதற்குப் பரிகாரம் தேடினார். குரோமியம் சேர்த்த உருக்கொன்றை 1913இல் வார்த்தார். சோதிப்பதற்காக அமிலத்தில் இட்டால், அமிலம் அதைத் தொட மறுத்தது. வினாகிரியும் அவ்வாறே. துப்பாக்கிக்கென்று தேடியது கறிக்கத்திக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மனியிலோ அதற்கு முந்திய ஆண்டிலேயே நிக்கலும் குரோமியமும் சேர்ந்த இனத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றிருந்தனர். நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால் உருக்கின்மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுத் தோல் படிகிறது; மயிரிழையின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்கும் அது வராது. கீறினால் மீண்டும் தானே வளரும்.

கடைக்குப் போனால் அங்கேயொரு சாத்திரம் நிலவுகிறது. காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்பார்கள். இதை நம்பி ஏமாறவேண்டாம். மோட்டார் தொழிற்சாலைகள் புகைக்குழாய்க்கென்றே பயன்படுத்தும் 409 இலக்க உருக்கு காந்தத்தில் ஒட்டும், அது அசலே. கைபிடிக் கம்பிகளுக்கு விற்கப்படும் 201 இலக்கம் ஒட்டாது. ஆனால் அதில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பர். கடற்கரையில் அது விரைவில் முகம் வாடும். 304 இலக்கத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உண்டு. 316இல் மொலித்தனமும் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாக எதிர்க்கும். 321இல் தைத்தேனியம் சிறிது சேர்ந்திருக்கும். அதன் பயன் தீயிலே தெரியும்.

அப்பயன் யாதென்றால், சாதாரண 304ஐ 425 பாகைக்கும் 850 பாகைக்கும் இடையில் நெடுநேரம் வைத்திருந்தால் அதிலுள்ள காபன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளுகிறது. உலோக மணிகளின் எல்லையோரம் காவலின்றி விடப்பட, அரிப்பு அவ்வழியே நுழைகிறது. புகைக்குழாய் நாள்தோறும் வாழ்வதோ அதே வெப்பத்தில்தான். 321இல் தைத்தேனியம் முந்திக்கொண்டு காபனைப் பிடித்துவிடும். அது கிடையாதவிடத்து, காபன் குறைந்த 304 எல் என்னும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும். ஓட்டப்பந்தய உலகில் நிக்கலே பெரும்பங்காயுள்ள இன்கொனெல் 625ஐ உபயோகிப்பர். அதை எங்கள் மருமகன் பெருமூச்சோடு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டான்.

இன்னுமொரு குணத்தைக் கவனிக்கவேண்டும். அரை மீற்றர் நீளமான குழாயை 600 பாகை சூடாக்கினால் மென்னுருக்கு நான்கு மில்லிமீற்றரளவு நீளும். கறையில் உருக்கோ ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் நீளும். இரு முனையும் இறுகக் கட்டப்பட்டிருந்தால் எங்கே போகும்? வெல்டிங் செய்த இடத்தில் வெடிக்கும். கறையில் உருக்குப் போட்டும் ஒரே வருடத்தில் வெடித்துவிட்டது என்று குறைகூறுவோர், உலோகத்தைக் குறைகூறுமுன் கட்டிய விதத்தைப் பார்க்கவேண்டும்.

இவ்விடத்தில் சற்றே விலகிப்போக வாசகர்கள் அனுமதிப்பார்களாக. வெள்ளவத்தையில் நம் இரும்பை அரிக்கும் அதே தென்மேற்குக் காற்றுத்தான், ஒரு காலத்தில் இந்நாட்டில் இரும்பை உருக்கித் தந்தது. பலாங்கொடைக்கு அப்பால், சமனலவாவிப் பகுதியின் மேற்குநோக்கிய மலைச்சரிவுகளில், துருத்தியின்றிப் பருவக்காற்றையே ஊதுகாற்றாகக் கொண்ட உலைகள் பலவற்றைக் கில் ஜூலெப் என்ற அகழ்வாராய்ச்சியாளர் கண்டறிந்தார். அவ்வாறே ஓர் உலை கட்டி எரித்தும் பார்த்து, 1996இல் அதனை உலகுக்கு வெளியிட்டார். ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையில் அவை எரிந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி என்னும் அராபிய அறிஞர் வாள்களைப் பற்றி எழுதியபோது செரந்தீவின் உருக்கையும் குறிப்பிட்டார். மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் முதன்முறையாகத் தன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

பூச்சுக்கு வருவோம். அலுமினியத் தூளும் சிலிக்கோனும் கலந்த வெப்பந்தாங்கி வர்ணம் 600 பாகையளவு தாங்கும். ஆனால் துருவையும் எண்ணெயையும் முற்றாக நீக்கி, வெறும் உலோகத்தில் பூசி, படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்தவேண்டும். அவசரக்காரர் பூசினால் முதல் மாதமே உரிந்துவிடும். குரோமிய முலாம் பார்வைக்கு அழகு. வாயிலண்டை சூட்டில் நீலம் பாரித்துவிடும். பழைய ஜாகுவார் எஞ்சின்களின் வார்ப்பிரும்புத் திரட்டிகளுக்குக் கண்ணாடிப் பூச்சு இட்டிருந்தனர். நம் வீடுகளிலிருந்த இனாமல் கோப்பையே அது. கோப்பை தரையில் விழுந்து ஓரம் பெயர்ந்தால் அந்தக் கறுப்புப் புள்ளி எப்படிப் பரவும் என்பதை எங்கள் தாய்மார் அறிவர். இக்காலத்தில் வழங்கும் பீங்கான் பூச்சு அதனினும் உறுதியானது. உள்ளும் புறமும் பூசினால் வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே அடக்கி, பொனற்றுக்குள் சூட்டைக் குறைக்கும். மொறிஸ் மைனரில் காபுரேற்றர் புகைத்திரட்டிக்கு மேலே குந்தியிருப்பதால் இது சிறுவிடயமன்று. நம் வெயிலில், நெரிசலில் நிற்கும்போது, பெற்றோல் அங்கேயே ஆவியாகி எஞ்சின் திணறும்.

குழாயைச் சுற்றிக் கண்ணாடிநார்ப் பட்டி கட்டுவதும் ஒரு வழக்கம். மருமகன் அதையே பெரிதும் விரும்பினான். முதிய பாஸ் தலையை ஆட்டினார். “கொழும்பில் வேண்டாம் தம்பி. ஈரத்துணியை இரும்பில் சுற்றி வைப்பது போல” என்றார். அவர் உலோகவியல் படித்தவரல்லர். கூறியதோ முழு உண்மை. அப்பட்டி மழைநீரையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அத்தோடு வெப்பம் வெளியேற விடாமையால் உலோகமும் மிகையாகச் சூடேறும்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்து, 304 எல் குழாயில், 1.6 மில்லிமீற்றர்ப் பருமனில் செய்விப்பதென்று தீர்மானித்தோம். எஞ்சினோடு பொருந்தும் தகட்டை மட்டும் பத்து மில்லிமீற்றர் மென்னுருக்கில் வெட்டினோம். தடித்த தகடு கோணாமல் நின்றாலன்றிக் காஸ்கட் பிடிக்காது. இவ்விரு வேறு இனங்களையும் இணைக்க 309 இலக்கக் கம்பி வேண்டும். வெல்டிங் செய்யும்போது குழாயின் உட்புறத்தையும் ஆகன் வாயுவால் நிரப்பச் சொன்னோம். இன்றேல் உட்புறத் தையல் சீனி கொட்டியதுபோல் கரடுமுரடாகி, அங்கேதான் நாளை வெடிக்கும்.

நீட்சிக்கு இடங்கொடுக்கும் விடயத்திலேதான் பெரிய விவாதம். ஒரு குழாயை மற்றொன்றுக்குள் நழுவவிடும் மூட்டு வைத்தால் நீளலாம், சுருங்கலாம். சிறிது கசியவுஞ் செய்யும். போட்டி வண்டிக்கு அது பொருட்டல்ல. என் மனைவியின் உரைகல்லிலோ அது நிற்கவில்லை. “அந்தச் சிறிது எங்கே போகும், தம்பி?” என்று அவர் கேட்ட கேள்விக்கு, மூன்று வருடம் பொறியியல் படித்தவனிடம் விடை இருக்கவில்லை. ஈற்றில் மூன்று குழாய்களும் கூடுமிடத்துக்குப் பின்னால் மடிப்பு மடிப்பான, கறையில் உருக்கிலான நெளிகுழல் ஒன்றை வைத்தோம். நீளும், கசியாது. பணம் கூடிற்று. பீங்கான் பூச்சைக் கைவிட்டு அதை ஈடுசெய்து, காபுரேற்றருக்கும் குழாய்க்கும் இடையே ஓர் அலுமினியத் தகட்டைக் கவசமாக நிறுத்தினோம். கறையில் உருக்கு மென்னுருக்கிலும் மூன்றிலொரு பங்களவே வெப்பத்தைக் கடத்துவது இங்கே சிறிது துணைசெய்யும். தண்டாணிகளுக்குப் பித்தளை நட்டுகள். அவை துருவேறி இறுகமாட்டா. அவற்றைப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையொன்றில், ஒரு பேணிக்குள் கைவிட்டுத் துழாவித்தான் பொறுக்கினோம்.

முதல் வாரத்தில் குழாய் வைக்கோல் நிறமாகி, பின்பு மயிற்கழுத்து நீலமானது. மருமகன் படம் பிடித்துத் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். மூன்றாம் மாதம் கீழ்ப்புறத்தில் இளம்பழுப்புக் கறை தென்பட்டது. கடலோரத்துக் கறையில் உருக்கில் இவ்வாறு தோன்றுவதை ஆங்கிலத்தில் தேநீர்க் கறை என்றே பெயரிட்டழைப்பார்கள். தேயிலை விளையும் நாட்டில் அதற்காக அஞ்சுவானேன்! நன்னீரால் கழுவித் துடைத்தால் போய்விடுகிறது, உலோகத்தைத் தின்பதில்லை. துணியால் பின்வாயை அழுத்தும் அந்தச் சோதனையை மாதமொருமுறை செய்கிறோம். துணியைப் பிடிப்பவள் பேத்தி. “ஸ்ஸ்” வருகிறதா என்று காதுகொடுப்பவர் என் மனைவி. ஐப்பசி மழையில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனை வரை சென்று திரும்பினோம். எவர்க்கும் தலை இடிக்கவில்லை.

இப்போது மீதியிருப்பது பின்புறத்துச் சைலன்சர். அதற்குப் பகைவன் வேறு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது வெளியேறிவிடும். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே ஊர்ந்து நிற்கும் வண்டியில், பின்குழாய் நன்றாகச் சூடேறுமுன்பே பயணம் முடிந்துவிட, அந்நீர் அங்கேயே தேங்கி, கந்தகத்தின் மிச்சசொச்சத்தோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளிருந்து அரிக்கிறது. எங்கள் சைலன்சரின் வயிற்றுப்பக்கத்தை பாஸ் திருப்புளியால் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆறு மாதம்” என்று தவணை கொடுத்திருக்கிறார். அலுமினியம் தோய்த்ததா, 409ஆ என்பதைப் பற்றி மருமகன் நேற்று மாலை இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டுவந்து, மேசையில் தன் மாமிக்கு முன்னால் வைத்திருக்கிறான்.